ஆபீஸைப் படிக்கத் தெரிந்தவருக்கே அடுத்த நாற்காலி

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ரயிலை விட்டு இறங்கும் கூட்டம் வெளியே வந்ததும் இரண்டு வேகத்தில் நடக்கும். சாப்பாட்டுப் பையும் தலையில் பூவுமாக ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்கள் மெப்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள். லேட் பஞ்ச் விழுந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம் அந்த நடையிலேயே தெரியும். முதுகில் லேப்டாப் பை, காதில் இயர்போன் என்று கொஞ்சம் நிதானமாகப் போகிறவர்கள் அதே காம்பவுண்டுக்குள் இருக்கும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். 1984-இல் ஏற்றுமதிக்கென்று தொடங்கிய இந்த இடம் இன்று சிறப்புப் பொருளாதார மண்டலம். தையல் மெஷினும் சாஃப்ட்வேரும் ஒரே மண்டலத்துக்குள். வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிக்க நினைப்பவருக்குத் தென்சென்னையில் இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

எதற்காகப் படிக்க வேண்டும்? உங்கள் புரமோஷனுக்காக. உங்கள் அளவுக்கு வேலை தெரிந்தவர்கள் உங்கள் வரிசையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஜாவா அவர்களுக்கும் தெரியும், எக்ஸெல் அவர்களுக்கும் தெரியும், ராத்திரி பத்து மணி வரை உட்காரவும் தயார். டீம் லீட் நாற்காலி மட்டும் ஒன்றுதான். ஹெச்.ஆர். வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து நான் பார்த்தவரை, அதில் போய் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சுற்றியிருந்த ஆட்களைச் சரியாகப் படித்தவர்கள். எம்.பி.ஏ.வில் இதை ஆர்கனைசேஷனல் பிஹேவியர் என்பார்கள். தமிழ்ப் பாடநூலில் நிறுவன நடத்தையியல். பரீட்சைக்குப் படித்து மறக்கிற பேப்பர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை ஒரு பிளாஸ்டிக் டப் மாற்றியது.

எனக்கு அப்போது 23 வயது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஹெச்.ஆர். ட்ரெய்னி. ஒரு லைனில் மட்டும் மூன்று மணிக்கு மேல் ப்ரொடக்ஷன் படுத்துவிடுகிறது, காரணம் கண்டுபிடி என்றார் மேனேஜர். மெஷின் ரிப்பேர் கணக்கு, நூல் ஸ்டாக், லீவு ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய களைப்பு, வேலைத்திறன் குறைவு, ட்ரெய்னிங் வேண்டும் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். ட்ரெய்னிங் நடந்தது. ஒரு பீஸ் கூடவில்லை.

பிறகுதான் சீட்டை விட்டு எழுந்து அந்த லைன் ஓரத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். தினமும் பார்த்துப் பார்த்துப் பழகிய பிறகு, காலர் தைக்கும் ஒரு அக்கா ஒரு நாள் டீ பிரேக்கில் மேஜைக்கு அடியில் கிடந்த துணியைக் காலால் விலக்கிக் காட்டினார். ஒரு டப் நிறையத் தைத்து முடித்த காலர்கள். “நாளைக் காலைல கணக்குக் காட்டிக்குவோம், தம்பி. தீபாவளிக்கு முன்னாடி புதுசா வந்த பொண்ணு ஒண்ணு வேகமா தைச்சுது. மறுவாரமே எல்லாருக்கும் டார்கெட்டை ஏத்திட்டாங்க. அதுலேர்ந்து மூணு மணிக்கு மேல யாரும் முந்துறதில்ல.”

அந்தப் பெண்களுக்குத் திறமையும் குறையவில்லை, களைப்பும் இல்லை. வேகமாகத் தைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை அனுபவித்து, அதற்கேற்ற முடிவை எல்லோரும் சேர்ந்து எடுத்திருந்தார்கள். என் எக்ஸெலில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இதே கதை அமெரிக்காவில் எழுத்தில் இருக்கிறது. சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலை. 1924-இல் தொடங்கி 1932 வரை அங்கே பல ஆராய்ச்சிகள் நடந்தன. கடைசியாக நடந்ததில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒயரிங் செய்யும் 14 ஆண்களை ஓர் அறையில் வைத்து, மாதக் கணக்கில் ஒருவர் உட்கார்ந்து கவனித்தார். கம்பெனி வைத்த டார்கெட் ஒன்று, அந்த 14 பேர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அளவு வேறு. அதைத் தாண்டி வேகமாக வேலை செய்தவருக்குப் பட்டப்பெயர், மேல் கையில் குத்து. ரொம்பக் குறைவாகச் செய்தவருக்கும் பேச்சு விழுந்தது. ஒரு நாள் அதிகமாகச் செய்ததை மறுநாள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரியில் ஹாத்தார்ன் என்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த கதையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த 14 பேரின் கதையைத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

1. முதல் 30 நாள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

புது வேலையில் சேர்ந்ததும் பாதிப் பேர் தங்களைக் காட்டிக்கொள்ளத் துடிக்கிறார்கள். மீட்டிங்கில் ஐடியா, வாட்ஸ்அப் குரூப்பில் ஐடியா. அந்த ஆபீஸில் எந்த ஐடியா எப்போது செத்தது, யார் கொன்றது என்று தெரியாமல் பேசுகிற பேச்சு அது. முதல் மாதம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வீட்டுக்கு வந்ததும் பத்து வரி. விதி ஒன்றுதான்: பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை அதில் கலக்காதீர்கள். “மேனேஜர் இன்று கோபமாக இருந்தார்” என்பது உங்கள் நினைப்பு. “மேனேஜர் மீட்டிங்குக்கு 12 நிமிடம் தாமதமாக வந்தார், டெஸ்டிங் டீம் பேசியபோது போனைப் பார்த்தார், கிளையன்ட் பெயர் வந்ததும் நிமிர்ந்தார்” என்பது பார்த்தது. இருபது நாள் இப்படி எழுதினால் அவர் எதற்கு நிமிர்கிறார் என்று தெரிந்துவிடும். உங்கள் அடுத்த ப்ரெசென்டேஷனை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

எதை எழுதுவது என்று குழம்புகிறவர்களுக்கு: மீட்டிங்கில் யார் முதலில் பேசினார், யார் பேச்சு நடுவில் வெட்டப்பட்டது, முடிவு உண்மையில் எங்கே எடுக்கப்பட்டது, லீவு கேட்கும்போது யாருக்கு உடனே கிடைத்தது. இது போதும்.

2. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

தமிழ்நாட்டு ஆபீஸில் இதைவிட நல்ல எக்ஸ்-ரே கிடையாது. இங்கிலீஷில் எல்லோரும் ‘யூ’. நம் ஊரில் ஒருவரைக் கூப்பிடும் முன்பே அவர் இடம் எது, உங்கள் இடம் எது என்று முடிவு செய்தாக வேண்டும். தொழிற்சாலையில் எஞ்சினியர் ‘சார்’, லைன் சூப்பர்வைசர் ‘அண்ணே’, வயதில் மூத்த ஹெல்ப்பரை இருபத்தைந்து வயது எஞ்சினியர் ‘வாங்க, போங்க’ என்கிறாரா, ‘வா, போ’ என்கிறாரா என்பதில் அந்த டிபார்ட்மென்ட்டின் முழு வரலாறும் இருக்கும். ஐ.டி. கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட்டையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார்கள். கவனித்துப் பாருங்கள்: கான்ஃபரன்ஸ் காலில் ‘கார்த்திக்’ என்றவர், கால் முடிந்து தமிழில் பேசும்போது ‘கார்த்திக் சார்’ என்பார். அந்த இடைவெளிக்குள்தான் அந்தக் கம்பெனியின் உண்மையான அதிகார அமைப்பு உட்கார்ந்திருக்கிறது.

ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் கீர்த் ஹாஃப்ஸ்டீட், பல நாடுகளில் இருந்த ஐ.பி.எம். ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களைத் திரட்டி, 1980-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையில் உள்ள தூரத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண் உண்டு. இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. ஒரே கம்பெனி, ஒரே மாதிரியான வேலை, இவ்வளவு வித்தியாசம். ஒரு நாட்டின் சராசரியை வைத்து பக்கத்து சீட்காரரை எடைபோடக் கூடாது என்பதும் உண்மைதான். ஆனாலும் உங்கள் கிளையன்ட் அமெரிக்காவிலும் மேனேஜர் மேடவாக்கத்திலும் இருந்தால், ஒரே நாளில் இரண்டு விதமாகப் பேச வேண்டியிருக்கும். கிளையன்ட்டிடம் “இது முடியாது” என்று நேராகச் சொன்னால் மதிப்பார். அதே வாக்கியத்தை மேனேஜரிடம் பத்துப் பேர் முன்னால் சொல்லாதீர்கள். மீட்டிங்குக்கு முன்பே தனியாகப் போய், “சார், இதில் ஒரு சிக்கல் இருக்கு, நீங்க பார்த்தா நல்லா இருக்கும்” என்று தொடங்குங்கள். விஷயம் ஒன்றுதான், வழி வேறு.

புதியவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ‘ப்ரோ’ என்று கூப்பிடுவதை முதல் மாதம் தள்ளி வையுங்கள். அதை எதிரில் இருப்பவர் முதலில் சொல்லட்டும்.

3. சுவரில் மாட்டாத ஆர்க் சார்ட்டை வரையுங்கள்.

ஹெச்.ஆர். கொடுக்கும் ஆர்க் சார்ட் யார் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்று காட்டும். யாரைக் கேட்காமல் ஒரு வேலையும் நகராது என்று காட்டாது. ஒரு பேப்பரில் உங்கள் டிபார்ட்மென்ட் ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். சந்தேகம் வந்தால் யார் யாரிடம் போகிறார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். அம்புகள் குவியும் இடத்தில் மேனேஜர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதினைந்து வருடமாக ஒரே சீட்டில் இருக்கும் சீனியர் அக்கவுன்டன்ட்டாக இருக்கலாம், ஸ்டோர்ஸ் அண்ணனாக இருக்கலாம், ஷிஃப்ட் பஸ்ஸை ஒழுங்கு செய்யும் அட்மின் பையனாக இருக்கலாம். அவர்களிடம் உங்கள் பெயர் நல்லபடியாகப் பதிய வேண்டும். ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதையும் இந்தப் பேப்பரில் சேருங்கள். பெருங்களத்தூரானாலும் துரைப்பாக்கமானாலும் பாதி முடிவுகள் அங்கேதான் பழுக்கின்றன.

4. பாஸ் எந்த வகை?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு சம்பவம் எல்லோரும் கேட்டதுதான், ஆனால் வேலைக்குப் போகிறவரின் கண்ணால் திரும்பப் பாருங்கள். 1950-களில் அங்கே ஏரோநாட்டிகல் படித்த அப்துல் கலாம், ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைக்கும் ப்ராஜெக்ட்டில் இருந்தார். டைரக்டர் பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார், வேலை திருப்தியில்லை. கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள். முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படும். ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்து டிராயிங் போர்டிலேயே இருந்தார் கலாம். ஞாயிறு காலை டென்னிஸ் உடையிலேயே பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தட்டிக் கொடுத்தார், கடுமையான கெடு என்று தெரிந்தேதான் வைத்ததாகவும் சொன்னார். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாமே எழுதியிருக்கிறார்.

அந்த டைரக்டர் மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. நடுவில் வந்து பார்த்தார், முடிந்ததும் மனம் விட்டுப் பாராட்டினார். பீகாரைச் சேர்ந்த உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா 1980-இல் இந்திய ஆபீஸ்களுக்கென்றே ஒரு தலைமை வகையைச் சொன்னார்: வேலையில் கண்டிப்பு, ஆள் மீது அக்கறை, ஆனால் அந்த அக்கறை வேலை முடித்தவருக்குத்தான். நம் ஊரில் நல்ல பாஸ் என்று பெயர் எடுத்த முக்கால்வாசிப் பேர் இந்த வகை. இவரிடம் காரணம் சொல்லாதீர்கள். பாதி முடித்ததையாவது மேஜையில் விரித்துக் காட்டுங்கள்.

இதே கெடுவை வாராவாரம் வைத்து, நடுவில் எட்டிப் பார்க்காமல், முடிந்ததும் பெயரை மட்டும் தான் வாங்கிக்கொள்ளும் பாஸும் இருக்கிறார். அவரைச் சின்ஹா வகை என்று நினைத்து இரண்டு வருடம் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது? அவருக்குக் கீழே இருந்து புரமோஷன் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஒருவரும் இல்லையென்றால் இன்டர்னல் ட்ரான்ஸ்ஃபர் பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள்.

எந்த பாஸாக இருந்தாலும், “பார்த்துச் செய்ப்பா” என்ற கட்டளையை அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள். எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968-இலிருந்து இதைத்தான் சொல்லிவந்தார்: முடிந்த அளவு செய் என்பதைவிட, கடினமான, அளவு சொல்லப்பட்ட இலக்குதான் அதிக வேலை வாங்கும். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. “வெள்ளிக்கிழமை மாலைக்குள், முதல் மூன்று மாட்யூல் மட்டும், சரிதானே சார்?” என்று மெயிலில் போட்டுவிடுங்கள்.

5. ‘எக்ஸ்போஷர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுராந்தகம், திண்டிவனம் பக்கம் படித்து, தாம்பரத்தில் பி.ஜி.யில் தங்கி வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு இது. மானுடவியலாளர்கள் கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் சென்னை ஐ.டி. ஊழியர்களையும் எஞ்சினியரிங் கல்லூரிகளையும் ஆராய்ந்து, 2006-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே ‘எக்ஸ்போஷர்’ என்ற நம்மூர்ச் சொல் இருந்தது. கம்பெனிகள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. இங்கிலீஷ் பேச்சு, கூச்சமில்லாத பழக்கம், நகரத்து நடவடிக்கை ஆகியவற்றையும் சேர்த்து எடைபோடுகின்றன. கிராமத்துக் கல்லூரியில் படித்த பிள்ளை அங்கேதான் பின்தங்குகிறது. இது நியாயமில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். இன்டர்வியூ எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அநியாயம் நடப்பதைப் பலமுறை பார்த்தவன் நான். ஆனால் அடுத்த வாரம் உங்களுக்கு இன்டர்வியூ. அதனால் வேலைக்கு வருவோம்.

எக்ஸ்போஷர் என்பது கற்றுக்கொள்ளக்கூடிய சில பழக்கங்களின் தொகுப்பு. பதில் தெரியாதபோது என்ன செய்கிறீர்கள் என்பதில் அது பளிச்சென்று தெரியும். நகரத்துப் பையன் “எனக்குத் தெரியவில்லை, ஆனால் இப்படி யோசிப்பேன்” என்று தொடர்வான். நம் பிள்ளை தலையைக் குனிந்து “ஸாரி சார்” என்று நிறுத்திவிடும். அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் பழகுங்கள். கண்ணாடி முன்னால் நின்று இல்லை, ரூம்மேட் முன்னால். அறிமுகமில்லாத ஒருவரிடம் தினமும் ஒரு கேள்வி, இங்கிலீஷில். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றால் அப்பா பெயர், ஊர் பெயரில் தொடங்காதீர்கள். கடைசியாக நீங்கள் சரிசெய்த ஒரு பிரச்சினையில் தொடங்குங்கள்.

6. அதிகம் பழகாதவர்களைக் கைவிடாதீர்கள்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் ஆட்கள் மூலம்தான் வேலை பற்றிய புதுத் தகவல் வருகிறது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஐந்து வருடம் நடத்திய சோதனையின் முடிவு 2022-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: ஓரளவு மட்டும் பழகியவர்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறார்கள்.

பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. தினமும் அதே பெட்டியில், அதே கதவோரத்தில் நிற்கும் ஏழெட்டுப் பேர் உங்களுக்கு முகப் பழக்கம். பல்லாவரத்தில் ஏறும் ஒருவர், கிண்டியில் இறங்கும் ஒருவர். அவர்கள் எந்தக் கம்பெனி என்றாவது தெரியுமா? போனைப் பையில் போட்டுவிட்டு வாரம் ஒருவரிடம் பேசுங்கள்.

7. அப்ரைசல்.

1920-இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடல்வாகு நன்றாக இருந்தவருக்கு அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாவற்றிலும் சேர்ந்தே மதிப்பெண் உயர்ந்திருந்தது. ஒரு நல்ல அபிப்பிராயம் மற்ற எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் அடித்துவிடுகிறது. உங்கள் மேனேஜருக்கும் இதே கண்தான். அதோடு, ஏப்ரலில் செய்த சாதனை மார்ச்சில் அவருக்கு நினைவிருக்காது. மாதக் கடைசியில் மூன்று வரி மெயில் அனுப்புங்கள்: என்ன முடிந்தது, என்ன எண்ணிக்கை, யாருக்குப் பயன். பன்னிரண்டு மெயிலையும் அப்ரைசல் ஃபார்மில் ஒட்டிவிடுங்கள். இதைத் தற்பெருமை என்று கூச்சப்படுபவர்களின் இன்க்ரிமென்ட் பக்கத்து சீட்டுக்குப் போகிறது.

8. நீங்கள் டீம் லீட் ஆகிவிட்டால்: ஆளைக் குறை சொல்லும் முன், வேலையைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்.

இந்தியாவில் நிறுவன நடத்தையியலின் பெரிய சம்பவம் ஒன்று அகமதாபாத் காலிகோ மில்லில் நடந்தது. ஆட்டோமேட்டிக் தறிகளைக் கொண்டுவந்து நிறுவினார்கள். எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். தறிக்கூடத்து வேலையைப் பன்னிரண்டு வகையாக உடைத்திருந்தார்கள். நெய்கிறவர் ஒரு கணக்கில் தறிகளைப் பார்க்கிறார், பாபின் போடுகிறவர் வேறு கணக்கில், எண்ணெய் விடுகிறவர் இன்னொரு கணக்கில். ஒரு தறி நின்றுபோனால் அது யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குறிப்பிட்ட தறிகளுக்குக் குறிப்பிட்ட சிறு குழு முழுப்பொறுப்பு என்று மாற்றலாம் என்றார் ரைஸ். தொழிலாளர்கள் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு தாங்களே குழுக்களாகச் சேர்ந்தார்கள். உற்பத்தி ஏறியது, துணியில் சேதம் குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள், தறி அதே தறி.

உங்கள் டீமில் டிக்கெட் தேங்குகிறதா? டெவலப்பர் சோம்பேறி, டெஸ்டர் சண்டைக்காரி என்று முடிவு கட்டும் முன் ஒரே ஒரு டிக்கெட்டைப் பின்தொடர்ந்து போங்கள். எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது என்று எழுதுங்கள். இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்வது சட்டம் வரை போகும். துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண்களின் கால் வலி கடைக்குள் வந்துபோகும் எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். அதை யாரோ திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான், கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தின.

9. கம்பெனியையும் படியுங்கள்.

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 1999-இல் ஐகான் கார் வந்தபோது, அங்கே வேலை என்றால் செங்கல்பட்டு வரை சம்பந்தம் பேச வருவார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. 2022-இல் கடைசிக் கார் வெளியேறியது. நடுவில் இழப்பீட்டுத் தொகைக்காகத் தொழிலாளர்கள் போராடினார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கையில் இருந்த குடும்பங்கள் அவை.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் ஒரு நிறுவனம் சரியும்போது ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள வழிகளைச் சொன்னார்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. வெளியேறுவதை விசுவாசம் தள்ளிப்போடும். வெளியேறும் வழி உங்களுக்கு இருந்தால்தான் உங்கள் குரலுக்கும் மதிப்பு. அதனால் நன்றாகப் போகும்போதே ரெஸ்யூமேவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். எந்தக் கம்பெனியிலும் சில அறிகுறிகளைப் பாருங்கள்: போனவர்களின் இடம் நிரப்பப்படுகிறதா, ட்ரெய்னிங் செலவு வெட்டப்படுகிறதா, நல்ல சீனியர்கள் அடுத்தடுத்துக் கிளம்புகிறார்களா, வென்டர்களுக்குப் பணம் தாமதமாகப் போகிறதா. கடைசியைச் செக்யூரிட்டியிடமோ கேன்டீன் கான்ட்ராக்டரிடமோ கேட்டால் தெரியும். அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

வேலையிடத்தில் மனிதர்களைப் படிப்பதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. எழும்பூரில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் மனிதவள மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. தாம்பரத்துக்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில், 1937-இல் இங்கே இடம்பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறை 1943-இலிருந்து நடக்கிறது. வெளியூர் போகத் தயார் என்றால் மும்பை டிஸ், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. ஆசிரியர் வேலைக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் மனிதவள மேலாண்மையும் அடங்கிய 55-ஆம் எண் பாடம். தொழிற்சாலைகள் சட்டம் 1948, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் என்றது. 2020-இன் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் வரிசையில் இதன் அர்த்தம் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டர்வியூவில் தியரி பெயர்களை ஒப்பிக்காதீர்கள். ஏதாவது ஒரு இடத்தில் மூன்று வாரம் நின்று பார்த்து எழுதிய நாலு பக்கத்தைக் கொண்டுபோங்கள். கேம்ப் ரோடு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் டிரைவர்கள் முறை வைத்துக்கொள்ளும் விதத்தை எழுதிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை நான் அரை மணி நேரத்தில் தேர்வு செய்தேன்.

நோட்டைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. அதை ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காதீர்கள், கூகுள் டிரைவில் வைக்காதீர்கள், கையால் எழுதுங்கள். ஆட்களின் பெயரை எழுதாதீர்கள், எழுத்தோ எண்ணோ போதும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் என்னோடு சேர்ந்த ட்ரெய்னி ஒருவர் இதே வேலையை ஷேர்டு ஃபோல்டரில், பெயர், எம்ப்ளாயி நம்பர் எல்லாம் போட்டு ஒழுங்காகச் செய்தார். நல்ல எண்ணம்தான். மேலே ஒருவர் அந்த ஃபைலைத் திறந்தார். அந்த மாதக் கடைசியில் மூன்று பேருக்கு வேறு யூனிட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர், ஒருவர் வேலையை விட்டுப் போனார். அதன் பிறகு அந்த ஃப்ளோரில் யாரும் அந்த ட்ரெய்னியிடம் வாய் திறக்கவில்லை.

காலர் டப்பைப் பற்றி என் மேனேஜர் கேட்டார். ஆதாரம் எங்கே, யார் சொன்னது என்றார். டார்கெட்டை வருடத்துக்கு நடுவில் ஏற்றமாட்டோம் என்று நோட்டீஸ் போர்டில் போடுங்கள், ப்ரொடக்ஷன் தானாக வரும் என்று மட்டும் சொன்னேன். போடவில்லை. நான் வேலையை விட்டு வரும்வரை அந்த லைன் மூன்று மணிக்கு மேல் அப்படியே இருந்தது. அந்த வருட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அந்த அக்காவின் பெயர் ‘காலர் 2’.